இடம் தேடும் இடது கை

குரோஷா தெரிந்த பெண்களிடம் "பார்க்காமல் போட வருமா?" என்று கேட்டால், பாதிப்பேர் யோசிக்காமல் தலையாட்டுவார்கள். "டிவி பார்த்துக்கிட்டேதான் போடுவேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண்ணைச் சற்று நேரம் கவனித்தால் தெரியும்: சீரியலில் மாமியார் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் பார்வை நாலைந்து தடவை மடிக்கு இறங்கி ஏறியிருக்கும். இறங்கியது அவர்களுக்கே தெரியாது.

மதுரையில் வீட்டு மாடியில் குரோஷா வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் இதற்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறார். மாணவி மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது, பேச்சுக் கொடுத்தபடியே, அவள் கைகள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். பெரும்பாலும் இரண்டு மூன்று கண்ணிகளிலேயே வேலை நின்றுவிடும். நூல் சிக்கியிருக்காது, கொக்கி நழுவியிருக்காது. அடுத்து எங்கே குத்துவது என்று தெரியாமல் கொக்கி நிற்கும், அவ்வளவுதான்.

எங்கே குத்துவது என்பதில்தான் குரோஷாவின் முழுச் சிரமமும் இருக்கிறது. இரண்டு ஊசி வைத்துப் போடும் ஸ்வெட்டர் பின்னலில் அந்த வரிசையின் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே வரிசைகட்டி நிற்கும். அடுத்த கண்ணியைத் தேட வேண்டாம், ஊசியே அதைக் கைக்குக் கொண்டுவந்து தரும். குரோஷாவில் முடியாமல் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அது கொக்கியில் தொங்குகிறது. மற்றதெல்லாம் முடிந்து மூடித் துணியாகிவிட்டவை. (நீளக் கொக்கியில் பல கண்ணிகளைச் சேர்த்துப் பிடிக்கும் துனிசிய குரோஷா விதிவிலக்கு.) அந்த முடிந்த துணியின் விளிம்பில் சரியான இடத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு சௌகரியமும் உண்டு. கொக்கி நழுவினால் அவிழ்வது அந்த ஒரு கண்ணிதான். ஸ்வெட்டரில் ஊசி உருவிக்கொண்டால் வரிசை முழுக்கப் போய்விடும். இருட்டில் வேலை செய்கிறவருக்கு இது சின்ன ஆறுதல் இல்லை.

அந்த ஆசிரியைக்கு இருட்டு தற்செயலாக வாய்த்தது. 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இருக்காது. தெருவில் வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் வந்தது, அவர் வாங்கவில்லை. குழந்தை ஸ்வெட்டர், தொப்பி, மேசை விரிப்பு என்று கையில் ஆர்டர் இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குனிகிற வேலையைக் குறைக்கச் சொன்னார். கொசுவுக்காகக் கதவைச் சாத்தினால் புழுக்கம், மெழுகுவத்தி ஏற்றினால் இன்னும் புழுக்கம். அதை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்போமே என்று தொடங்கியதுதான். பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

இருட்டில் அவர் முதலில் கவனித்தது, வலது கைக்குக் கண் தேவையே படவில்லை என்பதை. நூலைச் சுற்றுவது, இழுப்பது, மறுபடி சுற்றுவது எல்லாம் பல வருடப் பழக்கத்தில் தானாக ஓடின. நின்றது தேடும் வேலை மட்டும். அதுவரை கண் செய்துகொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

இதற்கு ஆய்வகத்திலும் ஓர் இணை உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லேண்ட் குழுவினர், தேநீர் போடுகிறவர்களின் கண்ணசைவைத் தலையில் மாட்டிய கேமராவால் பதிவு செய்து 1999-இல் வெளியிட்டார்கள். கெட்டிலையோ கோப்பையையோ கை தொடுவதற்கு ஏறக்குறைய அரை வினாடி முன்னால் கண் அங்கே போய்விடுகிறது. கை அந்த வேலையை முடிப்பதற்குள் கண் அதை விட்டுவிட்டு அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது. நடக்கிற வேலையை மேற்பார்வை பார்ப்பதைவிட, அடுத்த இடத்தைத் துப்பறிவதுதான் கண்ணின் முக்கிய வேலையாக இருக்கிறது. குரோஷாக்காரியின் பார்வை ஏன் விட்டு விட்டு மடிக்கு இறங்குகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

ஆக, கற்றுக்கொள்ள வேண்டியது இடது கை. குரோஷா புத்தகங்கள் கொக்கியைப் பென்சில் மாதிரிப் பிடிப்பதா கத்தி மாதிரிப் பிடிப்பதா என்று பக்கம் பக்கமாகப் படம் போடும். இடது கைக்கு நூலைச் சுற்றிக்கொள்ள ஒரு படம், அதோடு சரி. வலது கைப் பழக்கமுள்ளவருக்கு இடது கை வெறும் ஸ்டாண்டு என்பதுபோல. மதுரை ஆசிரியையின் வகுப்பில் விகிதம் தலைகீழ்.

அவர் சொல்லித்தரும் முறை இது. முடிந்த ஒவ்வொரு கண்ணிக்கும் தலையில் இரண்டு இழைகள் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் ஒரு 'வி' வடிவம். வரிசையின் விளிம்பு முழுக்க இந்த 'வி'க்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து ஜடை போல ஓடும். இடது கட்டைவிரல் முன்புறமும் நடுவிரல் பின்புறமுமாகத் துணியைப் பிடித்துக்கொள்கிறது. ஆள்காட்டி விரல் நூலைத் தாங்குகிறது. கட்டைவிரல் விளிம்பை லேசாகத் தன் பக்கம் உருட்டினால் ஜடை மேலே வந்து விரலில் நெருடும். இப்போதுதான் போட்ட கண்ணி ஒரு மேடாக எழும்பி நிற்கும். அதற்கு இடப்புறம் இன்னும் எதுவும் ஏறாத 'வி' தட்டையாகக் கிடக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கட்டைவிரல் நகம் வழுக்கி இறங்குகிற இடம்தான் அடுத்த இடம். நகத்தை அங்கேயே வைத்துக்கொண்டால் கொக்கியின் மூக்கு நகத்தைத் தொட்டு உள்ளே போகும்.

போன கொக்கி பின்புறம் வெளிவரும்போது நடுவிரலின் சதையில் முட்ட வேண்டும். அந்த முட்டல் ரசீது மாதிரி. முட்டவில்லையென்றால் துணிக்குள் எங்கேயோ சிக்கியிருக்கிறது. சுலபமாக, கொஞ்சம் அதிகமாகவே சுலபமாகப் போயிருந்தால் இரண்டு இழைகளில் ஒன்றுதான் மாட்டியிருக்கும். கரகரவென்று போனால் நூலைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது. ஒரு விஷயத்தில் கண்ணைவிட விரலுக்குத்தான் ஏமாற்றம் அதிகம்: கண்ணியின் தலை அதன் உடம்புக்கு நேர் மேலே இருக்காது, சற்று ஒருபக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். உடம்பைத் தடவிப் பார்த்து அதற்கு மேலே குத்துகிறவர்கள் ஒரு கண்ணி தள்ளிப் போய்விடுவார்கள். தலையைத் தலையாகவே தேட வேண்டும்.

விரல்நுனிக்கு இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வருகிறது? தோலுக்குள் இருக்கும் மெர்க்கல் செல்கள் விளிம்பையும் வடிவத்தையும் அழுத்தத்தையும் உணர்கின்றன. மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் நூல் வழுக்குவதையும் மெல்லிய அசைவையும் பிடிக்கின்றன. விரல்நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணர முடியும். உள்ளங்கையில் அதற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேண்டும். பிரெயில் எழுத்தில் ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மி.மீ. விட்டிருப்பது இந்த எல்லைக்குள்தான்.

குரோஷாவுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டுப் பார்க்கலாம். 5 மி.மீ. கொக்கியில் உல்லன் நூல் போட்டால் ஒரு கண்ணியின் அகலம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வரும். விரலுக்கு அது விசாலமான இடம். லேஸ் போட உதவும் 1 மி.மீ. ஸ்டீல் ஊசியில் கண்ணிகள் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கிவிடும். அங்கே விரல் தடுமாறுவது பயிற்சிக் குறைவால் மட்டும் இல்லை. அதனால் பார்க்காமல் பழக வருகிறவர்கள் தடித்த கொக்கியிலிருந்து தொடங்குவது அவர் வகுப்பில் கட்டாயம். அதிலும், தலையும் கழுத்தும் ஒரே கனத்தில் நேராக இருக்கும் கொக்கியையே வாங்கச் சொல்வார். கழுத்து குறுகலான கொக்கியில் கண்ணி அங்கேயே தங்கிச் சிறுத்துவிடும். சிறுத்த கண்ணியை அடுத்த வரிசையில் விரல் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கைப்பிடியில் கட்டைவிரலுக்குத் தட்டையான இடம் இருப்பதும் முக்கியம். கொக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அந்தத் தட்டையான இடம்தான் சொல்லும்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் அவர் இன்னும் கறார். முறுக்கு நன்றாக ஏறிய பருத்தி நூல்தான் முதல். மெர்சரைஸ் செய்ததாக இருந்தால் மேல். பருத்தியைக் காரத்தில் தோய்த்துப் பலப்படுத்தும் இந்த முறைக்கு லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்றார். நூலை இழுத்துப் பிடித்தபடி தோய்த்தால் பளபளப்பும் வரும் என்பதை 1890 வாக்கில் ஹொரேஸ் லோ கண்டுபிடித்த பிறகே அது ஆலைகளில் பரவியது. கண் விரும்புவது பளபளப்பை. விரலுக்கு வேண்டியது பிரியாத, வழவழப்பான, ஒரே கனமுள்ள இழை. மதுரையில் இதற்காக அலைய வேண்டியதில்லை. 1892-இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை பிற்பாடு மதுரா கோட்ஸ் ஆனது, ஆங்கர் நூல்கண்டு அந்த நிறுவனத்தின் பெயரில்தான் கடைக்கு வந்தது. விளக்குத்தூண் பக்கம் ஃபேன்ஸி கடைக்குப் போகும்போது அவர் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை. நுனியை இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பார்ப்பார். இழை பிரிந்தால் கண்டு திரும்ப அலமாரிக்குப் போகும்.

கறுப்பு நூலென்றால் குரோஷாக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கண்ணியே தெரியாது, ராத்திரியில் தொடவே முடியாது, கூலி கூட்டித்தான் கேட்பார்கள். விரலுக்கு நிறம் கிடையாது. இருட்டில் பழகியபின் அவர் கறுப்புச் சால்வை ஆர்டர்களைத் தயங்காமல் எடுக்கிறார், கூட்டிய கூலியையும் விடுவதில்லை. இன்னொரு உதாரணம், இப்போது பொம்மை போடுகிறவர்கள் மத்தியில் பிரபலமாகியிருக்கும் வெல்வெட் நூல். பூனைக்குட்டி ரோமம் மாதிரி மென்மையாக இருக்கும் அந்த நூலில் போட்ட கண்ணிகள் ரோமத்துக்குள் புதைந்துவிடும். எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தெரியாது. விரலை அழுத்தி ஓட்டையைக் கண்டுபிடித்துத்தான் குத்த வேண்டும். ஆக, கண் நன்றாகத் தெரிகிறவர்களே அந்த நூலில் கண்ணை நம்பாமல்தான் வேலை செய்கிறார்கள். துண்டுச் சோதனைக்குப் பயந்து ஓடும் மாணவிகளிடம் அவர் நீட்டும் வாதம் இது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது தொடக்கம். அடித்தளமாகப் போடும் செயின் மட்டும் இருக்கும்போது பிடிக்கத் துணி இல்லை. அது விரலில் முறுக்கிக்கொள்ளும், முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று காட்டாது. கண்ணுள்ளவர்களே வெறுக்கும் முதல் வரிசையை அவர் இரண்டு வழிகளில் தாண்டவைக்கிறார். ஒன்று, செயினை ஒரு அளவு பெரிய கொக்கியில் தளர்வாகப் போட்டு, அதன் பின்னால் புடைத்திருக்கும் ஒற்றை மேட்டில் மட்டும் குத்துவது. மற்றது, செயினையும் முதல் வரிசையையும் கண்ணிக்குக் கண்ணி சேர்த்தே கட்டிக்கொண்டு போவது. அப்போது தொடக்கத்திலிருந்தே விரலுக்குப் பிடிக்க அகலம் கிடைக்கும். வரிசையின் கடைசிக் கண்ணி மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால், ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஒரு ஊக்கு. திரும்பி வரும்போது விரல் இரும்பைத் தொட்டால் கரை வந்தாயிற்று.

பிறகு கிரானி சதுரம். மூன்று மூன்றாக டபுள் போட்டு, நடுவில் செயின் இடைவெளி விட்டுச் சுற்றிவரும் அந்தப் பழைய சதுரத்தில் கண்ணியின் தலையைத் தேடவே வேண்டாம். ஓட்டைக்குள் குத்தினால் போதும், ஓட்டையோ சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு இருக்கும். கட்டமும் வெற்றிடமுமாக ஓடும் ஃபிலே வேலையும் அப்படித்தான். அவர் வகுப்பில் பார்க்காமல் போட்ட முதல் உருப்படி யாருக்கும் கிரானி சதுரமாகத்தான் இருக்கும். ஒரே உருவைத் திரும்பத் திரும்பப் போடுவதில் சலிப்பு உண்டு, ஆனால் கை பழகுவது அந்தச் சலிப்பில்தான். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. அதுவும் பலர் தனித்தனியாகப் போட்ட துண்டுகளைச் சேர்த்துக் கட்டியதுதான்.

வகுப்பின் பேச்சுமொழியை மாற்றியது ஒரு கல்லூரி மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதல் நாள் ஆசிரியை வழக்கம்போல "இங்க குத்தும்மா, இப்படி இழு" என்றதும் கேள்வி வந்தது:

"இங்கன்னா எங்க டீச்சர்?"

அன்றிலிருந்து 'இங்க', 'அப்படி', 'இந்தப் பக்கம்' என்ற சொற்களுக்கு வகுப்பில் வேலை போய்விட்டது. "கட்டைவிரல் நகத்துக்குக் கீழ இருக்கிற ரெண்டு இழை", "முழங்கை பக்கம்", "சுண்டுவிரல் பக்கம்" என்று எல்லாமே உடம்பை வைத்து அடையாளம் சொல்லப்பட்டன. சொல்லித்தருவதும் கைக்குக் கைதான்: மாணவியின் விரல்கள் ஆசிரியையின் விரல்கள் மேல் படுத்துக்கொண்டு ஒரு வரிசை போகும், பிறகு மாறிக்கொள்வார்கள். எதிரே உட்கார்ந்து சொல்லித்தந்தால் இடம் வலமாகிவிடும் என்பதால் ஆசிரியை பின்னாலோ பக்கத்திலோதான் உட்கார வேண்டும். கண் தெரிந்த மாணவிகளுக்கும் இந்த மொழியே சுலபமாக இருந்தது என்பது அவருக்கே ஆச்சரியம்.

எண்ணிக்கையில்தான் சிக்கல். நம் ஆட்கள் விரல்கணு தொட்டு எண்ணுவார்கள், இங்கே பத்து விரலுக்கும் வேலை. பத்துக் கண்ணிக்கு ஒரு ஊக்கு என்று வைத்துக்கொண்டார்கள். வரிசைக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு. குறியீடுகளாக வரைந்த வரைபடங்கள் அந்த மாணவிக்குப் பயன்படாது, கைப்பேசியின் திரைவாசிப்பான் அவற்றைப் படமென்று சொல்லித் தாண்டிவிடும். ஆகவே மாதிரி முழுவதையும் ஆசிரியை தன் குரலில் பதிவு செய்து கொடுத்தார், வரிசைக்கு ஒரு பதிவு. சுவரில் மாட்டியிருந்த மாதிரித் துண்டுகளை ஒருநாள் தடவிக்கொண்டே வந்த மாணவி ஒன்றில் நின்று, "இது வேற ஆள் போட்டது டீச்சர், இறுக்கமா இருக்கு" என்றார். அது ஆசிரியையின் அக்கா போட்டது.

வெளிச்சம் போதாமல் இந்த வேலையைச் செய்தவர்கள் பலர். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தின் க்ளோன்ஸ் வட்டாரத்தில், பாதிரியார் ஒருவரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் குரோஷா லேஸை நிவாரணத் தொழிலாகத் தொடங்கிவைத்தார். நமக்குப் பக்கத்தில், ஆந்திரத்தின் நரசாப்பூரில், மிஷனரிகள் கொண்டுவந்த குரோஷா லேஸ் இன்றும் வீட்டுத் தொழில். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தப் பெண்களைப் பற்றியதுதான். உலகச் சந்தைக்கு உழைத்த அவர்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்று கணக்கெழுதி, அந்தப் பெயரிலேயே கூலியைக் குறைத்த விதத்தை மீஸ் விவரிக்கிறார். கை விரைவாகப் பழகுவது இந்தத் தொழிலில் பொழுதுபோக்குச் சாகசம் இல்லை. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொரு முறை குனிவதும் நஷ்டக்கணக்கு. இயந்திரமும் இன்றுவரை போட்டிக்கு வரவில்லை. கடைகளில் குரோஷா போலத் தோற்றமளிக்கும் மலிவுத் துணி வார்ப் நிட்டிங் தறியில் வந்தது. அசல் என்றால் எங்கோ ஒருவர் கையால் போட்டது. நினைத்த திசையில், நினைத்த கண்ணிக்குள் குத்தும் வேலையைத் தொழிற்சாலை அளவில் செய்ய இயந்திரத்துக்கு இன்னும் வரவில்லை.

மதுரை ஆசிரியை எல்லாவற்றையும் பார்க்காமல் போடுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நிறம் மாற்றும் இடம், சதுரங்களைச் சேர்த்துத் தைப்பது, மெல்லிய லேஸ், இவற்றுக்குக் கண்ணாடியும் மேசைவிளக்கும் வேண்டும். கழுத்துவலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

அந்தக் கல்லூரி மாணவி இப்போது சொந்தமாக ஒரு வேலையில் இறங்கியிருக்கிறார். சமதளமாகப் போட்ட துணியில் பாப்கார்ன் கண்ணிகளைப் புள்ளிகளாக எழுப்பி, ஒரு மேசைவிரிப்பில் பிரெயிலில் பெயர் எழுதுவது திட்டம். 4 மி.மீ. கொக்கியில் முதல் மாதிரி தயாரானது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சென்டிமீட்டர். ஆசிரியைக்குப் பெருமை தாங்கவில்லை. மாணவி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எழுத்து ரொம்பப் பெரிசு டீச்சர். விரல் பத்தல, உள்ளங்கையாலதான் படிக்க முடியுது."

அடுத்த மாதிரிக்கு 2 மி.மீ. ஊசியும், பாப்கார்னுக்குப் பதிலாக மூன்றே இழுப்பில் முடியும் சின்னப் புடைப்பும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் கண்ணியின் தலையை விரல் தேடிப் பிடிக்குமா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு.